எட்டு மணிக் கட்டம்

எழுந்திருக்க முடியாதவர்கள் படுத்திருந்த ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஷோபனா தாளில் வரைந்த கடிகாரம் தொங்கியது. பவானிபூரில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி வார்டு அது. தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஆறு மணிக்கு மல்லாக்க, எட்டுக்கு இடப்பக்கம், பத்துக்கு வலப்பக்கம், பன்னிரண்டுக்கு மறுபடி மல்லாக்க. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். திருப்பிய பிறகு நர்ஸ் அதில் டிக் போட வேண்டும்.

அந்த யோசனை முழுக்க அவளுடையது. அப்பா மருதமுத்து கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய குடோனில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் கல்லூரிக்குப் போனவள் ஷோபனா ஒருத்திதான். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து வேலைக்கு வந்த மூன்று வருடங்களில் அவளிடம் யாரும் எதையும் செய்யச் சொன்னார்களே தவிர, என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. போன வருடம், வார்டுக்கு ஒரு குறையை எடுத்து நர்சுகளே சரிசெய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

கடிகாரம் தொங்கிய பிறகு வார்டில் புண் வரவில்லை. வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். ‘படுக்கைப் புண் இல்லாத நாட்கள்: 94.’ பலகைக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் படத்தை மேட்ரன் நந்திதா எடுத்து அனுப்பினாள். அப்பா அந்தப் படத்தைக் குடோனில் லாரிக்காரர்கள் வரைக்கும் காட்டிவிட்டார். “தொண்ணூத்தி நாலுன்னா என்னண்ணே, மார்க்கா?” என்று ஒருவன் கேட்டானாம். “நூத்துக்குத்தான்டா” என்று சொல்லிவிட்டு வந்து சிரித்தார். சனிக்கிழமை சால்ட் லேக்கில் நர்சுகளின் மாநாடு. அவள் மேடையேறிப் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதினோராம் கட்டிலில் லட்சுமியம்மாளைத் துடைக்கத் திருப்பினார்கள். இருபது வருடம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றவள். பக்கவாதம் வந்து மூன்று வாரமாக அசைவில்லாமல் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், பொட்டு டப்பா மூடி அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

நந்திதா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்ததும் அவள் பார்வை போனது மங்கலாவின் பக்கம்.

மங்கலா ஆயா. இங்கே நோயாளியைத் துடைப்பது, ஊட்டுவது, திருப்புவது எல்லாம் குடும்பத்தார் ஏற்பாடு செய்கிற ஆயாக்கள்தான். ஆயா சென்டரிலிருந்து வருவார்கள். வங்காள வழக்கப்படி நர்சுகள் அவர்களை ‘மாசி’, அதாவது சித்தி, என்பார்கள்; அவர்கள் நர்சுகளை ‘தீதி’, அக்கா, என்பார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஒருத்தி, அதன் பிறகு இன்னொருத்தி.

“திருப்பலை. வேற என்ன?” என்றாள் நந்திதா.

“காளி மேல சத்தியமா திருப்பினேன் தீதி. பத்துக்கு நான், பன்னெண்டுக்கு நான். எட்டு மணி கட்டத்துல நான் வர்றப்பவே டிக் இருக்கும். சாயந்திரம் போறப்பவும் இருக்கும். அது உங்க தாளு, எனக்கென்ன தெரியும்?”

அந்த வார்த்தை ஷோபனாவின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மனதில் சனிக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது. “நேத்து நீங்க வராந்தா வெயில்ல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தீங்க மாசி. நான் பார்த்தேன்” என்றாள்.

பார்த்தது உண்மைதான். ஜனவரிக் குளிரில் எல்லா ஆயாக்களும் பத்து நிமிஷம் வெயிலில் உட்காருவார்கள். ஷோபனாவும் அவர்களிடம் சுளை வாங்கித் தின்றிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பேச்சு ஒரு சாட்சியமாகிவிட்டது. லட்சுமியம்மாளின் மகள் ரஞ்சனா, “சிஸ்டரே பார்த்திருக்காங்க, அப்புறம் என்ன?” என்றாள். சாயங்காலமே மங்கலாவை மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் புண்ணைப் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக ஷோபனா வழக்கத்துக்கு மாறாக ஏழரைக்கே வந்தாள். இரவு நர்ஸ் பேனாவோடு கட்டில் கட்டிலாகப் போய், எட்டு மணிக் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எட்டு ஆகலையே?”

“ஆகத்தானே போகுது? கட்டம் காலியா இருந்தா நந்திதா தீதி கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது? வர்ற ஆயா திருப்பிக்கும்.”

இரவு ஆயா ஏற்கெனவே சால்வையைச் சுற்றி, பையைத் தோளில் மாட்டிவிட்டாள். பாலிகஞ்சில் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு. எட்டேகாலுக்குப் புது ஆயா வந்தாள். தலைமாட்டுத் தாளைப் பார்த்தாள். டிக் இருந்தது. போர்வையை இழுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். லட்சுமியம்மாள் ஆறு மணிக்கு எப்படிக் கிடந்தாளோ, அப்படியே கிடந்தாள்.

ஷோபனா தாளின் முன்னால் நின்றாள். காலை எட்டுக்கு எல்லோரும் ஆள் மாறுகிற நேரம். இரவு எட்டும் அதேதான். அந்த நேரத்தில் நோயாளி யாருடைய பொறுப்பிலும் இல்லை. ஆறு மணிக்கு மல்லாக்கப் படுத்தவளை அடுத்துத் தொடுவது பத்து மணிக்கு. சாயங்காலமும் அப்படியே. அதே முதுகு, நான்கு மணி நேரம், நாளைக்கு இரண்டு முறை. நினைவு வைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இரட்டைப்படை மணிகளைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். தன்னுடைய இரவு டியூட்டிகளில் அவளும் ஏழரைக்கே டிக் போட்டிருக்கிறாள். அப்போது அது தவறாகத் தோன்றவே இல்லை.

அப்படியானால் அந்தத் தொண்ணூற்று நான்கு? மற்ற நோயாளிகள் எட்டுப் பத்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் புண் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

நந்திதா எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டாள். “சரி, கண்டுபிடிச்சிட்டே. ஏழு, ஒன்பது, பதினொன்னுனு மணியை மாத்து. முடிஞ்சுது. மங்கலாவை ஏன் இதுல இழுக்கறே?”

“அவ மேல தப்பே இல்ல தீதி.”

“உன் மேலன்னு அறிக்கையில எழுதப் போறியா? அதையும் சனிக்கிழமை மேடையில ஏறிச் சொல்லப் போறியா?”

ஷோபனா மங்கலாவுக்காகத்தான் எழுத நினைக்கிறாளா, இல்லை தன் மனம் லேசாக வேண்டும் என்பதற்காகவா? அன்று முழுக்க யோசித்தும் தெரியவில்லை. தெரியாமலேயே எழுதினாள். ‘காரணம்: நான் வகுத்த நேர அட்டவணை’ என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். நந்திதா படித்தாள், மடித்தாள், மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

சனிக்கிழமை மாநாட்டுக்கு வேறொரு நர்ஸ் போனாள். தொண்ணூற்று நான்கு நாட்கள் என்ற படத்தோடுதான் போனாள். கைதட்டல் பலமாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆயா சென்டருக்கு ஷோபனா போன் செய்தாள். “புகார் வந்தவங்களை எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்பறதில்ல” என்றார்கள். கெஞ்சி மங்கலாவின் எண்ணை வாங்கினாள்.

“டாலிகஞ்ச்ல ஒரு வீட்ல இருக்கேன் தீதி” என்றாள் மங்கலா. “கிழவரைப் பார்த்துக்கணும், பாத்திரமும் தேய்க்கணும். வீட்டுக்குப் போறது வாரத்துக்கு ஒரு நாள்.”

“மாசி, தப்பு என்னோடது. எழுதிக் கொடுத்திட்டேன்.”

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“வெயில்ல உட்கார்ந்திருந்தேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, அதையும் எழுதினீங்களா?”

“இல்ல.”

“ம். பாட்டி எப்படி இருக்கு?”

“புண் ஆழமாயிடுச்சு மாசி.”

“வலப்பக்கம் திருப்பறப்ப முழங்கால் நடுவுல தலையணை வைங்க. வைக்கலேன்னா முனகும். வாயால சொல்ல வராதே அதுக்கு.” இரும்புச் சட்டி உரசும் சத்தம். “கூப்பிடறாங்க, வைக்கறேன்.”

திங்கட்கிழமை புதிய கடிகாரங்கள் தொங்கின. வாசல் பலகையில் ஆறு என்று எழுதியிருந்தது. லட்சுமியம்மாளை அடுத்த வாரம் புண்ணோடுதான் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. காலையிலேயே வந்திருந்த ரஞ்சனா, “இந்த ஆயா பரவாயில்ல சிஸ்டர். அந்த மங்கலாதான் அம்மாவை இப்படிப் பண்ணிட்டா” என்றாள்.

“மங்கலா இல்ல ரஞ்சனா. எட்டு மணிக்கு யாருமே திருப்பல. நான் போட்ட நேரம் தப்பு.”

ரஞ்சனா அவளையே பார்த்தாள். “அப்ப அன்னிக்கு நீங்க பார்த்தேன்னு சொன்னது?”

“பார்த்தேன். ஆனா அது காரணம் இல்ல.”

ரஞ்சனா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மறுபடி வந்தபோது ஷோபனாவைச் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

வலப்பக்கம் திருப்பும் நேரம் வந்தது. ஆயாவும் ஷோபனாவும் சேர்ந்து லட்சுமியம்மாளைத் திருப்பினார்கள். ஷோபனா முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகினாள். லட்சுமியம்மாள் முனகவில்லை. மங்கலா போன நாளிலிருந்து இந்த வார்டில் தினமும் கேட்ட முனகல் அது. நோயால் வருவதென்றே ஷோபனா நினைத்திருந்தாள்.

பேனாவை எடுத்துக் கட்டத்தில் டிக் போட்டாள். தலையணைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.