சமையலறை வழியே ஒரு கோடு

தையல்காரியின் கணவர் செத்த வருஷமே, கணவரின் அண்ணன் வேலியைப் பிடுங்கி இவள் நிலத்துக்குள் நட்டுவிட்டார். ஏன் என்று கேட்கப் போனவளிடம், "பொறுத்தார் பூமி ஆள்வாரும்மா, போய் மெஷினை மிதி" என்று சிரித்தார்.

போய் மிதித்தாள். அவர் வீட்டுச் சட்டைகளையும் அதே மெஷினில்தான் தைத்துக் கொடுத்தாள். பிடுங்கிய இடத்தில் அவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, கொத்தனார்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவம், வாயில்லாப் பூச்சி என்றது ஊர். ஊருக்கு என்ன தெரியும்.

மாடி எழும்பி, கடைசிச் சுவருக்கும் பெயின்ட் அடித்த பிறகுதான் சர்வேயரைக் கூப்பிட்டாள். அவர் டிரோன் விட்டு மேலிருந்து படம் எடுத்து, பத்திரத்தில் உள்ள எல்லையை அதன்மேல் சிவப்புக் கோடாகப் போட்டுக் கொடுத்தார். கோடு புது வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையை இரண்டாகப் பிளந்து, படுக்கையறை வழியாக வெளியே வந்தது. தையல்காரி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கத்தரி போட வேண்டிய இடம் அதுதான்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, புதுவீட்டு விருந்துக்குப் பரிசாக எடுத்துப் போனாள். சம்பந்தி வீட்டார் கூடியிருந்த கூடத்தில் கணவரின் அண்ணனே அதைப் பிரித்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தவர், திரும்பிச் சமையலறையைப் பார்த்தார்.

"அஸ்திவாரம் போடறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்பச் சொல்லியிருந்தா நாலு கல்லைப் பேத்துக்கிட்டுப் போயிருப்பீங்க, மாமா" என்றாள் தையல்காரி. "இடிக்கிறதுக்கு ஒரு வீடு இருக்கட்டும்னுதான் பொறுத்திருந்தேன்."