தாய்மாமன் மடியும் என் மூக்கும்

பிள்ளைகளா, நான் வாயைத் திறந்தபடியே தூங்குவதைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்போயில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் முட்டுக்கொடுத்த கம்பி நழுவி, ஒரு காரின் எஞ்சின் மூடி, அந்த பானட், என் மூக்கின்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மூக்குத்தண்டு அமுங்கிப்போயிற்று. மூச்சை இழுத்தால் இரண்டு துளைகளும் ஈரப் பிளாஸ்டிக் பை மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். சாயம் அடிக்கும்போது அறைக் கதவைச் சாத்தி, முகமூடியும் போட வேண்டும். மூடி போட்ட டின்னுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். இப்படியே போனால் இந்த வேலையை விட வேண்டியதுதான் என்று பயந்தேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் ஒரு மலாய் டாக்டரம்மா பார்த்தார். "உங்க காதிலிருந்தே குருத்தெலும்பு எடுத்து மூக்குல வைக்கலாம், பாங்" என்று அண்ணன் முறை வைத்து மலாயில் சொன்னார்.

உங்கள் காதை மடித்துவிட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கே திரும்பும். அந்த மடங்குகிற எலும்புதான் அது. காதின் பின்னால் கீறி, குழிவான இடத்திலிருந்து எடுப்பார்கள். வெளியே காது அப்படியே இருக்கும். எடுத்ததை மெல்லிய பட்டைகளாகச் சீவி, மூக்கின் இரண்டு பக்கச் சுவரிலும் உள்ளே வைத்துத் தைப்பார்கள். கூடாரத்துக்குக் கம்பு கொடுப்பது போல. அப்புறம் சுவர் உள்ளே விழாது.

மாதக்கணக்காகக் காத்திருந்தேன். ஆபரேஷனுக்கு வர வேண்டிய யாரோ ஒருவர் வரவில்லை என்று திடீரென்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் படுத்துவிட்டேன். சிகாமட்டில் என் தங்கையான உங்கள் அத்தையின் மகளுக்குக் காதுகுத்து அடுத்த வாரம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

கண் விழித்தபோது மூக்கின்மேல் கெட்டியான மூடி ஒட்டியிருந்தது. உள்ளே தகடு. காதில் பஞ்சுருண்டை வைத்துத் தைத்திருந்தார்கள். "ஒரு வாரம் எதுவும் மூக்குல படக்கூடாது. பட்டா வச்ச பட்டை நகர்ந்துரும்" என்றார் டாக்டரம்மா.

அத்தைக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, ஹால் புக் பண்ணியாச்சு, பத்தர்கிட்ட சொல்லியாச்சு. எனக்கு இருக்கிறது நீ ஒரு அண்ணன்தான். தாய்மாமன் மடி இல்லாம யார் மடியில வச்சு காது குத்துறது? சும்மா உக்காந்தா போதும். மூக்குக்கு அங்க என்ன வேலை?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. மடிதானே கேட்கிறார்கள்! ஐந்தாம் நாள் உங்கள் அம்மா திட்டிக்கொண்டே காரை ஓட்டினாள்.

ஹாலில் ஒரே கூட்டம், சாம்பிராணிப் புகை. வாய் வழியாக வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. அத்தை வீட்டு மாமா என் காதுக் கட்டைப் பார்த்து, "அலமாக்! மச்சான், பாப்பாவுக்கு முன்னாடி உங்களுக்கே குத்திட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் தையல் இழுக்கும். நான் சிரிக்கவில்லை.

குழந்தையை மடியில் வைத்து, ஒரு கையால் அவள் கைகளையும் மறுகையால் தலையையும் பிடித்துக்கொண்டேன். பத்தர் முதல் காதைக் குத்திவிட்டார். குழந்தை வீறிட்டாள். பின்னந்தலை என் பிடியை மீறி முகத்துக்கு நேரே ஆடியது. சுற்றிலும் ஆட்கள், எழுந்திருக்க வழியில்லை. ஒரு கையை எடுத்து மூக்கை மறைத்திருக்கலாம். ஆனால் பத்தரின் ஊசி இரண்டாவது காதில் பாதி இறங்கியிருந்தது. கையை விட்டால் அந்தச் சின்னக் காது கிழியும்.

கையை எடுக்கவில்லை. ஊசி வெளியே வந்த அதே நொடியில் தலை வந்து மோதியது.

ரத்தம் சட்டையில் சொட்டியது. அத்தை பதறிப்போய், "அண்ணே, என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, ஆபரேஷன் பண்ணா இப்படித்தான் வரும்" என்றேன்.

ரத்தம் வந்ததால் ஒரு வாரம் ஆகும்முன், மறுநாளே போய்விட்டேன். டாக்டரம்மா மூடியையும் தகட்டையும் எடுத்துப் பார்த்தார். "மூச்சை இழுங்க."

இடது பக்கம் குளிர்ந்த காற்று நேராக உள்ளே போனது. எத்தனையோ நாளுக்குப் பிறகு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது பக்கம் ஒட்டிக்கொண்டது. பட்டை நகர்ந்திருந்தது.

"நல்லா ஆறட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம். இன்னொரு காது இருக்கே" என்றார்.

அந்த ஒரு வருடம் எப்போதோ கடந்துவிட்டது. நான் இன்னும் போகவில்லை. சாயம் அடிக்கும்போது அடிக்கடி கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கிறேன். முதலாளி ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறார். மறுபடியும் ஆபரேஷனுக்குப் படுத்தால் அத்தை ஏன் என்று கேட்பாள். அவள் மகளின் தலை பட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று எப்படிச் சொல்வது? "மூச்சு நல்லா வருதா, அண்ணே?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம், வருகிறது என்றுதான் சொல்கிறேன்.