சாக்கு எடை

தராசுக் கம்பி சமனுக்கு வந்து நடுங்கத் தொடங்கியதும் தங்கப்பன் இரண்டடி பின்னால் போய்விடுவார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். வேட்டி நுனி தராசில் பட்டது என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதாம். ஆட்டம் நின்ற பிறகு நெற்றியில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணைப் படிப்பார். அப்புறம் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூவல்: "எழுவத்தாறு! சாக்கு ஒண்ணு! சரக்கு எழுவத்தஞ்சு!"

காரைக்காலில் திருநள்ளாறு சாலை ஓரத்து நெல் குடோனில் அவர் இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறார். குடோன் வந்த புதிதில் அந்தத் தெரு அதைச் சபித்தது. லாரிப் புழுதி, அந்துப்பூச்சி, பூனைக்குட்டி அளவுக்கு எலிகள். கொஞ்ச நாளில் வாசலில் ஒரு டீக்கடை முளைத்தது. மூட்டை தூக்க நாற்பது பேருக்கு வேலை வந்தது. சிந்திய நெல்லைத் தின்று தெருக் கோழிகள் கொழுத்தன. எழுபத்தேழாம் வருஷப் புயலில் கூரை பறிகொடுத்த எண்பது குடும்பங்கள் இரண்டு நாள் நெல் மூட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு எலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தங்கப்பனுக்கு மட்டும் அந்தப் புயல் மேல் இன்னும் ஒரு குறை உண்டு. "எல்லாரும் ஈரத் துணியோட மூட்டை மேல ஒக்காந்துட்டாங்க. ஒவ்வொண்ணும் அரை கிலோ ஏறிப்போச்சு."

செவ்வாய்க்கிழமை லாரி தாமதமாக வரும். அன்று காலையில் தராசு ஊருக்குச் சொந்தம். அம்பகரத்தூரிலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்ட பையன்கள் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து ஏறுவார்கள். துலாபாரம் நேர்ந்துகொண்டவர்கள், வெல்லம் எவ்வளவு வாங்க வேண்டியிருக்கும் என்று பிள்ளையைத் தூக்கி வந்து முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் எடையைச் சொல்வார், அதோடு சரி. மெலிந்திருக்கிறேனா, பெருத்திருக்கிறேனா என்று கேட்டால் பதில் வராது. "நான் சொல்றது எடை. மத்தத ஜோசியர்ட்ட கேளுங்க."

எழுதியதை அழிப்பதும் கிடையாது. தராசை ஒட்டிய தூணில் மொத்தம், சாக்கு, சரக்கு என்று மூன்று பத்தி பிரித்து நீலச் சாக்கட்டியால் எழுதுவார். தப்பாகப் போனால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். ஆடானாலும் ஆளானாலும் அதே மூன்று பத்திதான். வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிப்பவன்தான் அந்தத் தூணைத் துடைக்கலாம்.

போன பங்குனியில் அடுத்த தெரு நர்ஸ் கமருன்னிசாவின் குழந்தைத் தராசின் சுருள்வில் அறுந்து போயிற்று. புதுசு வரும் வரை குடோனுக்குப் போகச் சொல்லி ஒரு வீட்டாரை அனுப்பினாள். வந்தவள் வடிவாம்பாள், கூடவே அவள் மருமகள். மருமகள் கையில் துணிச் சுருள் மாதிரி ஒரு பெண் குழந்தை. முதல் குழந்தை மூன்றாம் மாதம் மாந்தம் கண்டு போய்விட்டது. இது எடை குறைவாகப் பிறந்தது. வாராவாரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நெல் மூட்டைத் தராசில் குஞ்சுக் குழந்தையை எப்படிப் போடுவது? தங்கப்பனுக்கு அது பெரிய விஷயமே இல்லை. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரு எடை. பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தாயை மட்டும் ஒரு எடை. "நாப்பத்தஞ்சு அறுநூறு! சாக்கக் கழிச்சு, சரக்கு ரெண்டு இருநூறு!" மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அடுத்த செவ்வாய் இரண்டு நானூறு. அதற்கடுத்து இரண்டு அறுநூறு, பிறகு இரண்டு தொள்ளாயிரம். வடிவாம்பாளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "எல்லாம் பத்தியம்தாண்ணே. நாப்பது நாளோட நிறுத்தியிருந்தா மூத்தது மாதிரி ஆயிருக்கும். இப்பவும் ஒரு வேளைச் சோறுதான் போடுறேன். மிளகு ரசம், சுட்ட பூண்டு. தாய் வாயக் கட்டினாத்தானே புள்ள தேறும்?" தங்கப்பன் அடுத்த ஆட்டை ஏற்றச் சொன்னார். அவருக்கு வேண்டியது எடைதானே.

ஐந்தாம் செவ்வாய் தராசிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தராசப் புடிக்காதம்மா!" என்று அதட்டினார்.

அவள் கையை எடுத்துவிட்டுத் தூணைப் பிடித்தாள். அவள் விரல்கள் பதிந்த இடம் நடுப்பத்தி. எழுதப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, கூவலையே? புள்ள கொறஞ்சிடுச்சா?" என்று பதறினாள் வடிவாம்பாள்.

அவர் மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தார். "நாப்பத்து மூணு நானூறு. நாப்பத்து ரெண்டு எழுநூறு. நாப்பத்தொண்ணு தொள்ளாயிரம். நாப்பத்தொண்ணு இருநூறு. இன்னிக்கி நாப்பது முந்நூறு."

"அது எதோட எடை?"

"சாக்கு" என்றார். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "இருவத்திரண்டு வருசமா சாக்கு எடை போடுறேன். எந்தச் சாக்கும் வாராவாரம் கொறஞ்சதில்ல. புள்ள ஏறியிருக்குங்க, முந்நூறு. எங்கேருந்து ஏறுதுன்னு பாருங்க. இப்படியே போனா ஒண்ணு நிக்கும், ஒண்ணு சாஞ்சிடும்."

"எங்க வீட்டு அடுப்ப நீங்க எடை போட வேணாம்" என்று சொல்லிவிட்டு வடிவாம்பாள் மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பியேண்ணே, ஒனக்கு ஏன் இந்த வம்பு?" என்றான் மூட்டை தூக்கும் மாரிக்கண்ணு. தங்கப்பன் அன்றைய எண்ணையும் நடுப்பத்தியில் எழுதினார். ஐந்து வாரமும் அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், ஒரு வாரமாவது படித்துப் பார்க்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் நடுப்பத்தியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கமருன்னிசா வீட்டுக்குப் போனார்.

"யா அல்லாஹ், நான் புள்ளயோடதத்தானே கேட்டேன்" என்ற நர்ஸ் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வடிவாம்பாள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அடுத்த செவ்வாய் பார்த்து லாரி சீக்கிரம் வந்துவிட்டது. தங்கப்பன் அதை நிற்க வைத்தார். டிரைவர் கத்தினான். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு வந்தார்கள். வடிவாம்பாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "மொதல்ல இவளப் போடுங்க" என்றாள்.

அந்தப் பெண் ஏறினாள். தங்கப்பன் இரண்டடி பின்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டார். கம்பி ஆடிற்று, நின்றது.

"நாப்பது எண்ணூறு!"

லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு வேளை போடுறேன்" என்று வடிவாம்பாள் தூணைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து பால்சுறாப் புட்டு. முழுசாத் தின்னா."

தங்கப்பன் சாக்கட்டியோடு தூணண்டை போனார். எழுதவில்லை.

"ஒம் பேரு என்னம்மா?"

"அல்லி."

கட்டை விரலை நாக்கில் தொட்டு நனைத்தார். நடுப்பத்தியின் தலையில் இருந்த 'சாக்கு' என்ற சொல்லை, சுண்ணாம்போடு பெயர்ந்து வரும்படி அழுத்தித் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினார்.