வா என்று கேட்டது

இது உண்மையாக நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் கனடாவில் மொன்றியலுக்கு வந்து, ரொக்ஸ்பரோவில் ஜெனாட்டின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்யும் பெண்களில் ஊர்வம்பு பேசாதவள் அவள் ஒருத்திதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனாட்டுக்குச் சொந்த ஊர் இலங்கையில் மன்னார், பேசாலை. விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமான இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை. கணவன் தேவதாசன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். ஒரே மகள் ஷெரோன். பன்னிரண்டு வயது. பள்ளியில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம், சாப்பாடு கேட்க மட்டும் தமிழ் என்று வளர்கிற பிள்ளை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஜெனாட்டின் அம்மா கடலில் போனவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இந்தியாவுக்குத் தப்பிப் போன படகு இருட்டில் கவிழ்ந்தது. ஜெனாட்டுக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அம்மா அந்தப் பிடியைப் பிரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஏதோ சொன்னாள். அலைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. விடியும்போது இன்னொரு படகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டது. அம்மா கிடைக்கவே இல்லை.

அன்று தொடக்கம் ஜெனாட்டின் மனதில் ஒரே கேள்விதான். அம்மா ஏன் என்னை உதறினாள்? தன் உயிர் தப்பினால் போதும் என்றா? கணவனிடம்கூட இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் செத்தவளைப் பழித்தது போலாகிவிடும் என்று பயம். பாவம், முப்பத்தைந்து வருடமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு மற்றவர்களின் நாற்காலிகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

போன நவம்பரில் பட்டறை முதலாளி அவளை மெத்தை தைக்க வேறோர் இடத்துக்கு அனுப்பினார். ஓடுபாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய கொட்டகை. அங்கே ஓய்வுபெற்ற கிழவர்கள் சிலர் சேர்ந்து ஒரு விமானத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஓர் ஏரியின் அடியில் தொண்ணூறு வருடம் கிடந்த விமானம். பயணிகளை ஏற்றத் தொடங்கிய ஆரம்ப காலத்தது. மூக்கில் ஒரே ஒரு எஞ்சின். அது நின்றால் எல்லாம் நின்றது. அப்படி நடுவானில் நின்று, ஏற்றிய ஆட்களோடு விழுந்தவை அந்த நாளில் கொஞ்சநஞ்சமல்ல.

உள்ளே பயணிகளுக்கு மரத்தால் ஒரு சின்ன அறை. நான்கு பிரம்பு நாற்காலிகள். விமானி அவர்களோடு இருக்க மாட்டான். மேலே, வெட்டவெளியில், காற்றில் உட்கார்ந்திருப்பான். அவனிடம் எதுவும் சொல்ல வேண்டுமானால் சுவரின் மேற்பக்கத்தில் உள்ள சின்ன ஜன்னலைத் தட்ட வேண்டும். ஒரு தலையணை நுழையும், அவ்வளவுதான்.

கொட்டகைக்குப் பொறுப்பானவரின் பெயர் ஜில். சிரிக்காதீர்கள், அந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர். நல்ல மனிதர். ஜெனாட் தன் பெயரைச் சொன்னபோது மட்டும் ஏனோ அவளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படி விழுந்தது, மிசியூ ஜில்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"பனிக்காலத்தில். ஏரிக்குள்" என்றார். உடனே எஞ்சின் பக்கம் போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கிழவர்கள் யாரும் வரவில்லை. பிற்பகல் மூன்றே முக்காலுக்கு ஜில் கோப்பி வாங்கிவரப் போனார். கூரையின் கீழ் வாயு ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஜெனாட் விமானத்தின் அறைக்குள் ஏறி, தான் தைத்த மெத்தைகளைப் பிரம்பு நாற்காலிகளில் கட்டத் தொடங்கினாள். கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு சத்தம். டோர்வலில் விமானச் சத்தம் புதிதா என்ன? நிமிடத்துக்கு ஒன்று தலைக்கு மேல் போகும். ஆனால் இது வேறு. ஒற்றை எஞ்சின். தாழ்வாக வந்தது. இருமியது. மறுபடி இருமியது.

நின்றுவிட்டது.

ஜெனாட் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். விழுந்த சத்தம் எதுவும் வரவில்லை. சரி, காற்றாக இருக்கும் என்று அடுத்த மெத்தையை எடுத்தாள். காலையில் தைத்து முடித்த புது மெத்தை.

ஈரமாக இருந்தது.

மூக்கருகே கொண்டுபோனாள். சேற்று மணம்.

டொக்... டொக்...

மேலே, சின்ன ஜன்னலில்.

"மிசியூ ஜில்?"

பதில் இல்லை. அவளுக்குத் தலை வலித்தது. கை கால் கனத்தது. வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. பின்னால் இருந்த நாற்காலியின் பிரம்பு மெதுவாக நெரிந்தது, யாரோ உட்கார்ந்தால் நெரிவது போல.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அப்போதுதான்...

"ஜெனாட்..."

பெண் குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல.

"ஜெனாட்... வா..."



"வா... ஜெனாட்... வா..."

யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஜெனாட் ஓடவில்லை. அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். இந்தக் கிழவர்களின் கொட்டகையில் அவளைப் பெயர் சொல்லி, வா என்று தமிழில் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா அவளை உதறவில்லை. அம்மாவுக்கு அவள் வேண்டும். வா என்கிறாள்.

"வாறன் அம்மா... இந்தா வாறன்..."

அந்தப் பின் நாற்காலியின் காலடியில் போய்ப் படுத்தாள். கண்ணை மூடினாள். கொஞ்சமும் பயமில்லை. இந்தக் கதையில் என்னை அதிகம் பயமுறுத்துவது அந்த இடம்தான்.

கைபேசி அடித்தது. பழக்கத்தில் விரல் அதைத் தொட்டது.

"அம்மா, எத்தினை மணிக்கு வாறீங்க? பசிக்குது." ஷெரோன்.

"நான் வரேல்ல பிள்ளை... அம்மம்மா கூப்பிடுறா."

"என்ன?"

"அம்மம்மா..."

 பிறகு பிள்ளையின் குரல் சிறுத்துப்போய் வந்தது.

"அம்மா... ஆர் அது பக்கத்தில?"

"உனக்கும் கேக்குதோ?"

"ஓம். ஒரு பொம்பிளை அழுறா. வா, வா எண்டு..."

"வா எண்டுதான் பிள்ளை. என்னை வரட்டாம்."

"இல்லை அம்மா! அவ பிரெஞ்சில சொல்லுறா. பிரெஞ்சில வா எண்டா போ! உங்களைப் போகச் சொல்லுறா!"

"வா..."

"போங்கோ அம்மா! வெளியில போங்கோ!"

அந்த மொழி ஜெனாட்டுக்குத் தெரியாததா? இருபது வருடமாக அதில்தான் சம்பளம் வாங்குகிறாள். ஆனால் அழுதுகொண்டு ஒரு பெண் கூப்பிட்டால் காதுக்குத் தாய்மொழிதான் முந்துகிறது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். விழுந்தாள். தவழ்ந்தாள்.

முதுகில் ஒரு கை.

ஈரக் கை.

தள்ளியது...

கொட்டகைத் தரையில் குப்புற விழுந்தாள். கைபேசி உள்ளேயே கிடந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவள் திரும்ப உள்ளே போகப் பார்த்தாள். உள்ளே இருப்பது அம்மாதான் என்று மனம் இன்னும் அடித்துக்கொண்டது. அறைக் கதவு சாத்தியிருந்தது. இழுத்தாள். வரவில்லை. கையால் அடித்தாள்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அதற்குப் பிறகு எப்படி வாசலுக்குப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஜில் வந்தபோது பனியில் கிடந்தாள்.

ஹீட்டரின் புகைக்குழாயைக் கூரைப் பனி சரிந்து அடைத்திருந்ததாம். மணமில்லாத நச்சு வாயு கொட்டகை முழுக்க நிறைந்திருந்ததாம். இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்திருந்தால் ஷெரோன் தாயில்லாப் பிள்ளை. அந்த வாயு மூளையைக் குழப்பும், இல்லாத குரலெல்லாம் கேட்கும் என்றார் டொக்டர். படித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ரொக்ஸ்பரோ வீட்டில் பசியோடு இருந்த பிள்ளையின் காதுக்கும் அந்த வாயு போனதோ? அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு ஜில் வந்தார். ஜெனாட் கதவு பூட்டிக்கொண்டதைச் சொன்னாள்.

"அந்தக் கதவுக்கு நாங்கள் இன்னும் தாழ்ப்பாளே போடவில்லை" என்றார் ஜில்.

குரலைப் பற்றிச் சொன்னாள்.  கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

அந்த விமானத்தில் போனது அவருடைய பாட்டி. கூடவே ஐந்து வயது மகள், அதாவது ஜில்லின் தாய். எஞ்சின் நின்றது. உறைந்த ஏரியில் விழுந்து, பனிக்கட்டி உடைந்து, மூழ்கத் தொடங்கியது. விமானி செத்துவிட்டான். கதவு திறக்கவில்லை. தாய் மகளை அந்தச் சின்ன ஜன்னல் வழியே வெளியே திணித்தாள். போ, போ என்று கத்தினாள். பிள்ளை போகவில்லை. தாயிடம் திரும்ப உள்ளே நுழையப் பார்த்தது. தாய் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

"என் அம்மா எண்பது வயதிலும் அதைச் சொல்லி அழுவார். தன் தாய் தன்னை வேண்டாமென்று சாத்திவிட்டாராம். என் அம்மா இறந்த பிறகுதான் விமானத்தை வெளியே எடுத்தோம். ஜன்னலின் தாழ்ப்பாள் உள்ளே இறுக்கிப் போட்டபடி இருந்தது."

"உங்கள் அம்மாவின் பெயர் என்ன?"

"ஜனெட்" என்றார். "நீங்கள் உங்கள் பெயரைச் சொல்கிறீர்களே, ஏறக்குறைய அதேதான்."

ஜெனாட் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமென்று இல்லை, மிசியூ. பிள்ளை திரும்பி வந்துவிடுமே என்றுதான் சாத்தியிருக்கிறார்."

சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள். ஜில்லும் அழுதார். மருந்து கொண்டுவந்த தாதி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஜெனாட் வீட்டுக்கு வந்த பிறகும் நாலைந்து நாள் ஷெரோன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு சனிக்கிழமை, தேவதாசன் வேலைக்குப் போயிருந்தான். தாயும் மகளும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"அம்மா, நீங்க வெளியில விழுந்தாப் பிறகும் போன் கட் ஆகேல்ல. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

"ம்."

"அந்தப் பிரெஞ்சுப் பொம்பிளை நிப்பாட்டிட்டா. பேந்து வேற ஒராள் கதைச்சவ. தமிழில. கன தண்ணிச் சத்தம்."

ஜெனாட் கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள்.

"என்ன சொன்னவ?"

"ஒரே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவ. எனக்கு விளங்கேல்ல." ஷெரோன் தலை நிமிர்ந்தாள். "அம்மா... நீந்து எண்டா என்ன?"