மன்னிப்பை வெட்டச் சொன்னார்கள்

இந்த ஸ்டுட்கார்ட் நகரத்தில் கடுகு தாளிப்பதற்கு முன்னால் நான் முக்காலி போட்டு ஏறி, கூரையில் இருக்கும் புகைக் கருவிக்கு பிளாஸ்டிக் பை கட்டுகிறேன். ஒன்பது வருஷமாக இதே கூத்து. கட்ட மறந்தால் அது அலறும், கீழ்வீட்டுக்காரி ஓடி வருவாள். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன மாதம் என் அண்ணன் இங்கே கூத்தாட வரும்வரை.

அண்ணன் உத்திரமேரூர் பக்கத்துக் கூத்துக்காரன். பாரதக் கூத்தில் துச்சாதனன் வேஷம் அவனுடையது. துகிலுரியும் நாளன்று பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பான். புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷம் கட்டியவர் காலில் விழுந்து, வேஷத்துக்காகச் செய்கிறேன் தாயே, பொறுத்துக்கொள் என்று கேட்பான். தரையில் உட்கார்ந்திருக்கும் ஊர் மொத்தமும் எழுந்து கும்பிடும். வயலில் கூலிக்குப் போகும் எங்கள் அப்பாவும் அந்த வயலுக்குச் சொந்தக்காரரும் ஒன்றுபோல எழுந்து நின்று நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

இங்குள்ள தமிழ்ச் சங்கம்தான் குழுவை அழைத்திருந்தது. ஒத்திகையின்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர், ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள், நெருப்பே கூடாது என்றார். சட்டம், சரி. உதவி செய்யும் எண்ணத்தில், புகை வேண்டுமென்றால் இயந்திரம் இருக்கிறது, வெள்ளையா நீலமா என்றும் கேட்டார். புகைக்காக இல்லை, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதற்காக என்றேன். மேடையில் லுங்கியோடு பீடியைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் திரௌபதியை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அவர் ஆண்தானே?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு எங்கே தெரியும்? கோபமெல்லாம் சங்கத் தலைவர்மேல். அவரும் எங்கள் பக்கம்தான், பழையசீவரத்துக்காரர். இருபது நிமிஷம்தான் இருக்கிறது, கற்பூரம்தான் இல்லையே, அந்த மன்னிப்பையும் வெட்டிவிடுங்கள், புடவை இழுப்பதுதான் வெள்ளைக்காரர்களுக்குப் புரியும் என்றார். நடிப்புதானே என்றார். சின்ன வயதில் இதே கூத்தில் எழுந்து நின்ற மனுஷனுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் சொன்னார். அதைவிட எரிச்சல், அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அவர் அதை என் தலையில் கட்டியதும், நான் வாயை மூடிக்கொண்டு போய்ச் சொன்னதும்.

அண்ணன் தோளில் வேஷத்துக்கான மரக்கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"நெருப்பு வேணான்னா வுடு, அவங்க ஊரு சட்டம் அப்படி கீது. ஆனா அம்மாகிட்ட கேக்காம நான் பொடவைல கை வெக்க மாட்டேன். நடிப்பாம். கையி என்னுதுதானடா?"

நான் கட்டையின் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மேடையில், புடவை முனை கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும், அண்ணன் கையைக் காட்டி மத்தளத்தை நிறுத்தினான். வெறுங்கையோடு திரௌபதியின் காலில் விழுந்தான். எழவில்லை. எங்கோ ஒருவர் செருமினார். தலைவர் ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மண்டபம் நிறையத் தமிழர்கள், காஞ்சிபுரத்துக்காரர்களே பத்துக் குடும்பம் இருக்கும். ஒருவராவது நாற்காலியை விட்டு எழ வேண்டுமே. செல்போனைத்தான் தூக்கினார்கள்.

நான் எழுந்து கும்பிட்டேன். அண்ணன் அப்போதுதான் தலையை உயர்த்தினான், என்னைப் பார்த்துவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒரு ஜெர்மானியப் பெண் என் தோளைத் தொட்டு, மறைக்கிறது, உட்கார முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் அவரிடம், "என்ஷுல்டிகுங்", மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.