விளம்பரத்தில் சிவப்பு, கடையில் பச்சை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு துணி சோப்பு கம்பெனி. அங்கே இரண்டாம் ஷிப்டில் சோப்புக்கு உறை சுற்றுகிற வேலை எனக்கு. பச்சை உறை. நான் சேர்ந்த நாளிலிருந்து அதே பச்சைதான்.

போன வருடம் விற்பனை படுத்துவிட்டது. எங்கள் முதலாளி பழவேற்காட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "டீவில விளம்பரம் போடப் போறேம்மா. பொங்கலுக்குள்ள சரக்கு நவுரலன்னா ரெண்டாவது ஷிப்ட நிறுத்துறதத் தவிர வேற வழி தெரியல."

இரண்டாம் ஷிப்ட் முழுக்கப் பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சோறாக்கி மூடி வைத்துவிட்டு மதியம் வருகிறவர்கள். எங்களுக்கு வேறு ஷிப்ட் ஒத்துவராது. அன்றிலிருந்து விளம்பரம் என்றாலே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. லீவு நாளில் சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போவார்கள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து உட்காருவேன். இதில் எதைப் பார்த்து நான் எதை வாங்கினேன் என்று யோசித்துப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது.

ஷூட்டிங் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு நெல் வயலில். நாற்று நடுகிற கூட்டமாக நிற்க எங்களில் நாலு பேரைக் கூட்டிப்போனார்கள். கதை இதுதான்: மருமகள் சேற்றில் வழுக்கி விழுகிறாள், மாமியார் சிரிக்கிறாள், சிரித்த வாய் மூடுவதற்குள் மாமியாரும் தொபுக்கடீர். "வுழு அத்தே வுழு, சோப்பு இருக்குது!" என்கிறாள் மருமகள். கடைசியில் சோப்பைப் பக்கத்துப் பச்சை வயலுக்கு நேராகத் தூக்கிக் காட்ட வேண்டும்.

கேமராக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பச்சை வயலில் பச்சை சோப்பு தெரியவே இல்லை. எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, நான் சும்மா இருந்தேனா? "சார், செவப்பு பேப்பர் சுத்திக் காட்டுங்க சார், பளிச்சுனு இருக்கும்" என்றேன். டைரக்டர் கைதட்டினார். பக்கத்தில் நின்ற பாயும் தட்டினார். பஜாரிலிருந்து சிவப்பு பேப்பர் வந்தது, நானே சுற்றினேன். ஒரு வாரம் என் தலை கனத்துத்தான் கிடந்தது.

விளம்பரம் பிய்த்துக்கொண்டு போனது. மின்சார ரயிலில் யாராவது தடுக்கினால் போதும், "வுழு அத்தே வுழு" என்று ஒரு பெட்டியே கத்தும். ஆனால் குடோனில் சரக்கு அப்படியே இருந்தது. மார்கழியும் பிறந்துவிட்டது. பாய் முகத்தில் ஈயாடவில்லை.

இது எப்படி? ஊரே சிரிக்கிறது, ஒருத்தரும் வாங்கவில்லை. எனக்கு மண்டை குடைந்தது. லீவு நாளில் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய், தெரிந்த மளிகைக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். ஊதாப் புடவை கட்டிய ஒரு அக்கா வந்தார். கடைக்காரரிடம் அந்த மாமியார் விழுகிற காட்சியை நடித்தே காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "அந்த செவப்பு சோப்பு ரெண்டு குடுண்ணா" என்றார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, வேறொரு கம்பெனியின் சிவப்பு சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, டீவில வர்றது இது இல்லக்கா. பச்ச சோப்பு."

"இன்னாம்மா சொல்ற? செவப்பாதான காட்னான்? என் கண்ணு இன்னா பொட்டையா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் பக்கம் கடையில் யாரும் பேர் சொல்லி சோப்பு கேட்பதில்லை. நிறம்தான் பேர். டீத்தூளைக்கூட நான் "நீல பாக்கெட்" என்றுதான் கேட்பேன். டைரக்டருக்கு அது தெரியாது. அவர் ஊர் வேறு. எனக்குத் தெரியும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் எங்கள் ஷிப்டையே கெடுத்துவிட்டது.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விளம்பரம் எடுபடவில்லை என்று முடிந்திருக்கும், கூடவே ஷிப்டும். மறுநாள் பாயிடம் போய் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "செவப்புன்னு சொன்னது யாரும்மா?" என்றார் கடைசியில்.

"நான்தான் பாய்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானுந்தான நின்னு கைதட்டினேன்" என்றார்.

அடுத்த வாரமே புது விளம்பரம் வந்தது. டைரக்டர் இல்லை, வயல் இல்லை, மாமியாரும் இல்லை. ஒரு மளிகைக்கடை. "பச்ச சோப்பு குடுண்ணா" என்று ஒரு குரல். ஒரு கை வந்து பச்சை சோப்பை எடுக்கிறது. அவ்வளவுதான். கை என்னுடையது. அது வரும்போது என் வீட்டுக்காரரே சேனலை மாற்றினார். எனக்கே கோபம் வரவில்லை, அவ்வளவு சப்பென்று இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு மதியம், கம்பெனி வேனுக்குப் போகிற வழியில் அதே கடைக்குப் போனேன். அதே அக்கா. அடையாளம் தெரியாத மாதிரிக் கிட்டப் போய், சோப்பு விளம்பரம் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த மாமியா வுழுறது நல்லாருந்துச்சு. இப்ப அத்தப் போடறதே இல்ல" என்றார். "இப்ப இன்னா போடறான்னு ஞாபகமே இல்லம்மா." சொல்லிக்கொண்டே கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணா, பச்ச சோப்பு ரெண்டு."

மார்க்கெட் முனையில் ஹாரன் அடித்தது. இரண்டாம் ஷிப்ட் வேன். நான் ஓடினேன்.