மரக்காணத்துச் சுமைதாங்கி

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதையல்ல. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே "வேற வேல இல்லியா?" என்று எழுந்து போகிறவள் சவுரியம்மாள். அவளுக்குத்தான் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அறுபத்தொன்றாம் வருஷம், சித்திரை வெயில். விழுப்புரத்தை ஒட்டிய அவர்கள் காலனியில் பி.ஏ. முடித்த முதல் ஆள் சவுரி. மரக்காணத்துக் காட்சிசாலையில், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டிச் சொல்லும் வேலைக்கு அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் தப்பித்தாள். இல்லையென்றால் பெண்டாட்டி செத்த மேஸ்திரி பெரியதம்பிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதாகோவிலில் வாசிக்கும் ஓலைக்குச் சாமியாரிடம் நாள் கேட்டுவிட்டார் அப்பா மாசிலாமணி.

கிளம்பும்போது ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தலையில் கட்டிவிட்டார்.

"ஆபீசரப் பாக்கப் போறப்ப கைய வீசிக்கினு போவாத."

"மல்லாட்டைக்கா வேல குடுக்குறாரு? படிச்ச படிப்புக்குக் குடுக்குறாருப்பா."

"ரெண்டுத்துக்கும் சேத்துக் குடுப்பாரு. தூக்கு."

திண்டிவனம் வரை ரயில். அங்கிருந்து நின்றுகொண்டே பஸ். மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்து வரப்போடு நடை. மூட்டை இடுப்பில் அறுத்தது. தோளுக்கு மாற்றினாள். தோளில் அறுத்தது. முந்தின நாள் இரவெல்லாம் தூக்கமில்லை. இதை உப்புத் தண்ணியில் கொட்டிவிட்டுப் போனால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

உப்பளத்து அதிகாரிக்காக வெள்ளைக்காரன் கட்டிய பங்களாதான் காட்சிசாலை. காவல்காரர் முருகையன் கதவடியில் விசிறிக்கொண்டிருந்தார்.

"சாரு சாப்பாட்டுக்குப் போயிருக்காரு. உள்ள சுத்திப் பாத்துக்கினு இரு. எதையும் தொடாத."

"தொட்டா தீட்டா?"

"அய்யே... எல்லாருக்கும் சொல்றதுதாம்மா."

உள்ளே ஆளில்லை. ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற துறையாம் இது. நங்கூரக் கல், சீனத்துப் பீங்கான் ஓடு, மூக்கு போன துர்க்கை... சோழர் காலம், அதற்குப் பின் காலம் என்று அட்டைகள். படிக்கக் கண் ஓடவில்லை. மூட்டையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தால் போதும்.

பின்கட்டு முற்றத்தில் அது இருந்தது. இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். சுமைதாங்கி.

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவள் பேரில் வழியோரம் நட்டுவைப்பார்கள். போகிறவர் வருகிறவர் அதன்மேல் சுமையை இறக்கினால், இறக்காமல் போன அவள் சுமையும் கொஞ்சம் குறையுமாம். ரோட்டில் நின்றதை இங்கே கொண்டுவந்து, சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று அட்டை மாட்டியிருந்தார்கள்.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றிருந்தாள். நிறைமாசம். புடவைக் கரையெல்லாம் ஏரிச்சேறு.

சேறு ஈரமாக இருந்தது... அந்தச் சித்திரையில்.

"வைம்மா" என்றாள்.

"காவக்காரரு திட்டுவாரு."

"வைக்கத்தான கல்லு? ரொம்ப நாளா யாருமே வைக்கல."

சவுரிக்கு அதற்குமேல் தெம்பில்லை. கயிற்றைத் தாண்டினாள். பலகைக் கல்லில் கையை ஊன்றி மூட்டையை ஏற்றினாள். கல் சில்லென்றிருந்தது. அப்பாடா... கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் முடியல" என்றது குரல். "என்னோடத கொஞ்சம் புடிக்கிறியா?"

பையோ, கூடையோ ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள் சவுரி. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள்.

"குடு."

கையில் எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை.

"தே பொண்ணு! சாரு வந்துட்டாரு, ஜல்தி வா!" என்று முருகையன் ஓடிவந்தார். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "உள்ள வர்றப்ப நீ..." என்று ஆரம்பித்து, ஏனோ வாயை மூடிக்கொண்டார்.

காப்பாளர் சக்கரபாணி சான்றிதழ்களைப் புரட்டினார். மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்தார். பார்வை அவள் இடுப்பில் வந்து நின்றது.

"கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கே?"

"ஆகலை சார்."

அவர் முகம் சுருங்கியது. காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார்.

"போம்மா. இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற இடம்."

"அதுக்கு இன்னா சார்?"

"என் வாயால சொல்ல வைக்காதே. போ."

சவுரிக்குக் கொதித்தது. "எங்க தெருவு பேரப் பாத்துட்டுதான சொல்றீங்க? அத நேரா சொல்லுங்களேன்!" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். மூட்டை ஞாபகமே வரவில்லை.

ஆனால் நடக்க முடியவில்லை. கையில் சுமை இல்லை. இருந்தும் வந்ததைவிடக் கனத்தது. இடுப்பு கடுத்தது. பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள்.

சாயங்கால பஸ். நல்ல கூட்டம். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"புள்ளத்தாச்சிக்கு எடம் வுடுங்கய்யா. குந்தும்மா நீ."

சவுரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

பக்கத்துப் பெண் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "தலச்சனா?"

சவுரி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். தட்டையாகத்தான் இருந்தது. காலையில் கட்டிய கொசுவம் கலையவில்லை.

சக்கரபாணி எதைப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

உள்ளே... ஏதோ புரண்டது.

முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரம்மதேசம் தாண்டியது. ஏரிக்கரை. இருட்டத் தொடங்கியிருந்தது.

விசில்.

பஸ் நின்றது. நிறுத்தமே இல்லாத இடம்.

"எறங்கும்மா" என்றார் கண்டக்டர், அவளைப் பார்த்து.

"நான் திண்டிவனம்..."

"நீதான கல்லாண்ட நிறுத்துன்னு சொன்ன?"

"நான் சொல்லல."

"இப்பதானம்மா சொன்ன!"

இருக்கை கிறீச்சென்றது. யாரோ எழுந்ததுபோல.

ஈரச் சேற்று வாடை.

கனம் போய்விட்டது.

"ரைட், போலாம்" என்றார் கண்டக்டர். அவர் கண் கரையைப் பார்த்திருந்தது.

தலைப்பாகைப் பெரியவர் குனிந்து சவுரியின் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, இந்த எடத்துல ஒரு புள்ளத்தாச்சிய குந்த வெச்சனே. அது எறங்கிடுச்சா?"

சவுரி கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மாதாகோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் மரக்காணத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். வேலைக்கு எடுத்த பெண் வரவில்லையாம், மனுப் போட்ட எல்லாரையும் திரும்ப வரச் சொன்னார்களாம். சக்கரபாணி இவளை மேலும் கீழும் பார்த்தார். "இதே பேர்ல ஒரு பொண்ணு முன்னே வந்தா. பாவம், மாசமா இருந்தா. நீ வேற யாரோ" என்றார். நானேதான் என்று சவுரி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்; அங்கே பெரியதம்பி காத்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தாள்.

முதல் நாள் வேண்டுமென்றே பின்கட்டுக்குப் போனாள். முற்றத்தில் கயிறு இருந்தது. அட்டை இருந்தது. இரண்டு தூண்களும் இருந்தன.

"மேல இருந்த பலகைக் கல்லு எங்க முருகையண்ணே? எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கறதாவது! அது இங்க வரவே இல்லியேம்மா. ரோடு போட இதப் பேத்தெடுத்தப்ப ஒடஞ்சி பூடுச்சி. அங்கியே பிரம்மதேசம் ஏரிக்கரையில பொதைச்சிட்டு வந்துட்டானுங்க. நான் பாத்த நாளா இந்த ரெண்டு காலுதான்."

அன்றைக்கு அந்தச் சில்லென்ற கல்லில் ஊன்றிய தன் உள்ளங்கையைப் பார்த்தாள் சவுரி.